தலையணைக்கு அடியில் முறுக்கு: வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகளின் மனநலம் – கேள்வி பதில்

பதினான்கு ஆண்டுகளாக ஆற்றுப்படுத்துநராக, அதாவது மனநல ஆலோசகராக இருக்கிறேன். அதில் பெரும்பகுதி, வளர்ப்புப் பராமரிப்பில் வேறு வீடுகளுக்குப் போன பிள்ளைகளோடு கழிந்தது. இது தத்து அல்ல. பராமரிப்புத் தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் அரசு அமைப்பான குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி ஒரு குடும்பம் பிள்ளையைத் தன் வீட்டில் வைத்து வளர்க்கும் ஏற்பாடு. கேட்டவர்களின் பெயரும் ஊரும் இங்கே வேண்டாம்.

கேள்வி (வளர்ப்புத் தாய்): அக்கா, பதினோரு வயதுப் பெண் எங்களிடம் வந்து நான்கு மாதம் ஆகிறது. கேட்பதையெல்லாம் கொடுக்கிறோம். ஆனாலும் முறுக்கு, சப்பாத்தி என்று எடுத்துத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கிறாள். எறும்பு மொய்க்கிறது. திருட்டுப் பழக்கமாகிவிடுமோ?

பதில்: அந்தச் சொல்லை அவள் காதில் விழ விடாதீர்கள். அடுத்த வேளை சோறு உண்டா என்று தெரியாமல் கிடந்த வயிறு, நிறைந்த பானையைப் பார்த்ததும் நம்பிவிடாது. மூடி போட்ட டப்பா ஒன்றை அவள் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். "இது உன்னுடையது, தீர்ந்தால் நிரப்பித் தருகிறேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி ஒருநாளும் தவறாமல் நிரப்புங்கள். நான் பார்த்த ஒரு பையன் ஏழு மாதம் டப்பாவைக் கட்டிக்கொண்டு தூங்கினான். பிறகு ஒருநாள் அதைப் பள்ளிக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் காலி டப்பாவோடு திரும்பினான். எறும்புக்கும் மூடியே மருந்து.

அவரே: என்னை இன்னும் அம்மா என்று கூப்பிடுவதில்லை.

பதில்: கூப்பிட வேண்டாமே. பெற்றவள் உயிரோடு இருக்கும்போது அந்த வார்த்தையை உங்களுக்குக் கொடுத்தால் அவளுக்குத் துரோகம் செய்வதாகப் பிள்ளை நினைக்கும். பெரியம்மா, சித்தி, அத்தை. தமிழில் முறைப்பெயருக்கா பஞ்சம்? பெற்றவள் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு இரண்டு நாள் அழுகை, கோபம், படுக்கையில் சிறுநீர் எல்லாம் வரலாம். அதற்காகச் சந்திப்பை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பிள்ளைகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அலுவலகமான மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சொல்லுங்கள்.

கேள்வி (ஆசிரியர்): பெற்றோர் கூட்டம் நடக்கும் நாளெல்லாம் வளர்ப்பு வீட்டில் இருக்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் யாரையாவது அடிக்கிறான்.

பதில்: காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். யார் வருவார்கள் என்பதை முதல் நாளே அவனிடம் தனியாகப் பேசி வையுங்கள். வகுப்பின் முன்னால் வேண்டாம்.

கேள்வி (பக்கத்து வீட்டுக்காரர்): எங்கள் தெருவில் அப்படி ஒரு பையன் இருக்கிறான். நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறேன். வாரம் ஒரு மணி நேரம்தான் ஆற்றுப்படுத்துநர் பேச முடியும். மீதி நேரமெல்லாம் அவன் உங்கள் தெருவில்தானே இருக்கிறான்? கிரிக்கெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைக்கு அனுப்புங்கள், மீதிச் சில்லறையை எண்ணாமல் வாங்குங்கள். பழைய கதையைத் துருவாதீர்கள். "பாவம்" என்று அவன் எதிரில் சொல்லாதீர்கள். அவன் யார், எப்படி வந்தவன் என்று படத்தோடு வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இத்தகைய பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடத் தடை விதித்திருக்கிறது.

கேள்வி: எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

பதில்: தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டால், படிப்பும் விளையாட்டும் ஒருசேர நின்றால். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் வட்ட மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் வருகிறார்கள். இரவு பகல் எந்நேரமும் 14416 என்ற எண்ணில் அரசின் தொலைபேசி மனநல ஆலோசனையான டெலி மானஸ் சேவையோடு தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. சாவதைப் பற்றிப் பேசினாலோ உடம்பைக் கீறிக்கொண்டாலோ இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். தனியே விடாமல் அன்றே கூட்டிப் போங்கள்.

கேள்வி (19 வயது இளைஞர்): குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்து, பதினெட்டில் வெளியே வந்தேன். வேலை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலையானால்தான் அறைக்குள் மூச்சு முட்டுகிறது.

பதில்: தம்பி, பணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 21 வயது வரை, தேவைப்பட்டால் 23 வரை, இல்லத்தை விட்டு வெளியே வந்தவர்களுக்கான பிற்காப்பு உதவி பெற வழி உண்டு. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் அது மாதம் 4,000 ரூபாய். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பியுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு அந்தப் பணம் உதவாது. இல்லத்தில் சமைத்த அக்காவோ பழைய ஆசிரியரோ, உங்களைப் பெயர் சொல்லி அழைத்த ஒருவர் வீட்டைத் தேர்ந்தெடுங்கள். முதலில் போன் செய்து கேளுங்கள், பிறகு வாராவாரம் சாப்பிடப் போங்கள். வெறுங்கையோடு போக வேண்டாம். அரை டஜன் வாழைப்பழம் போதும்.