400 ரூபாய்ச் சலூனை நம்பலாமா?

கேள்வி: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஊருக்குள் இருக்கும் மலிவான சலூன்களில் முடி வெட்டிய அனுபவம் எப்படி? நம்பிப் போகலாமா, அல்லது கூடக் கொடுத்தாலும் டவுனில் வெட்டுவதுதான் நல்லதா?

நம்பிப் போகலாம். ஆனால் கடையைப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். வெட்டுபவரின் கையையும், அவர் பிளேட் மாற்றுகிறாரா என்பதையும் பாருங்கள். 20 வருடத்துக்கு மேலாக ஒரே சலூனில் தலையைக் கொடுத்துக்கொண்டிருப்பவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் ஆரையம்பதி. காத்தான்குடியைத் தாண்டிக் கல்முனைப் பக்கம் வரும்போது அடுத்த ஊர். நான் போகும் சலூன் மெயின் ரோட்டில் இல்லை, உள்ளே ஒரு ஒழுங்கையில் இருக்கிறது. மேலே தகரம், உள்ளே இரண்டு கதிரை, காத்திருப்பவர்களுக்கு ஒரு வாங்கு. முன்னும் பின்னும் கண்ணாடி மாட்டியிருப்பதால் உட்கார்ந்தபடியே நம் பின்கழுத்தைப் பார்க்கலாம். 2004 சுனாமிக்கு முன் கடை கடற்கரையோடு இருந்ததாம். அந்தக் கதிரையும் கண்ணாடியும் கடலோடு போய், அதன் பிறகு போட்ட கடைதான் இது. பெரியவருக்கு முடி வெட்ட 400 ரூபாய், சின்னப் பிள்ளைக்கு 250. டவுனில் ஏசி போட்ட கடை ஒன்றில் போன வருடம் 1500 கொடுத்திருக்கிறேன். அங்கேயும் நன்றாகத்தான் வெட்டினார்கள். ஆனால் முடித்துவிட்டு எழும்பும்போது அந்தத் தம்பிக்கு என் முகம் நினைவிருக்குமா என்று தெரியவில்லை.

ஒழுங்கைச் சலூன் அண்ணனுக்கு என் தலை பாடம். உச்சியில் இரண்டு சுழி இருப்பதும், இடது பக்கம் கட்டையாக வெட்டினால் முடி நட்டுக்கொண்டு நிற்பதும் அவருக்குத் தெரியும். உட்கார்ந்ததும் "என்ன தம்பி, வழமை போலயா?" என்பார். அவ்வளவுதான். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

இதைவிட முக்கியமாக என் மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

அவனுக்கு இப்போது 7 வயது. சின்னதிலிருந்தே சத்தம் ஆகாது. கிரைண்டர் போட்டாலே காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுவான். மூன்று வயதில் முதன்முதலாக முடி வெட்ட, பிள்ளைகளுக்கென்று கார் வடிவத்தில் கதிரை வைத்திருந்த ஒரு கடைக்குக் கூட்டிப் போனோம். மெசினைப் போட்டதும் வீறிட்டுக் கத்தினான். வெட்டிய பொடியனுக்கு அவசரம், பின்னால் ஆட்கள் காத்திருக்கிறார்கள். என்னைத் தலையை அமத்திப் பிடிக்கச் சொன்னார். நானும் பிடித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் சரியில்லை. அரைத்தலை வெட்டியபடியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். அப்புறம் ஒரு மாதம் சீப்பைக் கண்டாலே அழுதான்.

ஒழுங்கை அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "திங்கக்கிழமை மூணு மணிக்குக் கொண்டு வாங்க, அப்ப ஒருத்தரும் வரமாட்டாங்க" என்றார். போனோம். அன்றைக்கு அவர் வெட்டவேயில்லை. தண்ணீர் அடிக்கும் போத்தலை மகன் கையில் கொடுத்து, "மனே, மாமாட தலைக்குத் தண்ணி அடி" என்று குனிந்து கொடுத்தார். அவன் அடிக்க அடிக்கச் சட்டையெல்லாம் நனைந்தது. அவ்வளவும்தான் முதல் நாள் வேலை.

அடுத்த நாள் செவ்வாய், கடை பூட்டு. புதன்கிழமை போனபோது கதிரைக் கைகளுக்குக் குறுக்கே போடும் பலகையை எடுக்காமல், மகனை என் மடியில் இருத்தச் சொன்னார். மின்விசிறியை நிற்பாட்டினார். கத்தரிக்கோலைக் கைக்கெட்டாத தூரத்தில் பிடித்துச் சும்மா திறந்து மூடினார். பிறகு கொஞ்சம் கிட்டத்தில், பிறகு இன்னும் கிட்டத்தில். அந்தச் சத்தம் அவனுக்குப் பழகிய பிறகுதான் பின்பக்கத்தில் நாலு முடியை வெட்டினார். காதுப் பக்கம் போகவேயில்லை. அவன் நெளியத் தொடங்கியதும் "போதும், மறுகா வாங்க" என்று நிறுத்திவிட்டார். மீதியை வியாழக்கிழமை முடித்தார். காதைச் சுற்றி வெட்டும்போது தன் இடது உள்ளங்கையைக் காதின் மேல் மூடிப் பிடித்துக்கொண்டு, விரலுக்கு வெளியே வந்த முடியை மட்டும் வெட்டியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

மூன்று நாளுக்கும் சேர்த்து எவ்வளவு என்று கேட்டேன். அப்போது பிள்ளைக்கு 150. அதைத்தான் எடுத்தார். "மூணு நாள் வந்தாலும் தலை ஒண்டுதானே தம்பி."

அதன் பிறகு இரண்டு வருடம் கத்தரிக்கோலாலேயே வெட்டினார். மெசினைப் பூட்டாமல் விளையாடக் கொடுப்பார், பிறகு போட்டுத் தன் உள்ளங்கையில் ஓட்டிக் காட்டுவார். இப்போது பின்பக்கத்துக்கு மட்டும் மெசின் விடுகிறான். "மெசின் வருது மனே, பத்து எண்ணு" என்பார். அவன் எண்ணுவான். பத்து வந்ததும் எடுத்துவிடுவார். ஒருநாளும் பதினொன்று வரை போனதில்லை. "அங்கால கிறுகு மனே" என்றால் தானே தலையைத் திருப்பிக் கொடுக்கிறான்.

உங்கள் வீட்டிலும் இப்படிச் சத்தத்துக்குப் பயப்படும் பிள்ளை இருந்தால், கூட்டம் உள்ள பெரிய கடையை விட ஆள் குறைந்த ஊர்ச் சலூனை முதலில் பாருங்கள். காசு குறைவு என்பதற்காகச் சொல்லவில்லை. அங்கே நேரம் இருக்கிறது.

குறை இல்லாத கடை என்று நான் சொல்ல வரவில்லை. 2017 அளவில் உதவிக்கு நின்ற ஒரு பொடியன் என் பின்கழுத்தில் இருக்கும் மச்சத்தின் மேல் மெசினை ஓட்டிவிட்டான். சட்டைக் கொலரெல்லாம் இரத்தம். அண்ணன் மற்றக் கதிரையில் சவரம் செய்துகொண்டிருந்தவரை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். சுத்தத் துணியால் இறுக்கிப் பிடித்து, பிறகு சீனக்காரம் (படிகாரம்) வைத்தார். எரிந்தது, ஆனால் இரத்தம் நின்றுவிட்டது. காசு வாங்கவில்லை. பொடியனை என் முன்னால் ஏசவும் இல்லை. அன்றிலிருந்து என் கழுத்துக்கு மெசினைக் கொண்டுவரும் முன் அவரது இடது பெருவிரல் முதலில் வந்து அந்த மச்சத்தின் மேல் உட்காரும். மெசின் விரலைச் சுற்றித்தான் போகும். எத்தனை வருடம் ஆகியும் ஒரு தடவை கூடத் தவறியதில்லை. உங்களுக்கு மச்சம், பரு, பழைய காயம் எதுவும் இருந்தால் துணியைப் போர்த்தும் முன்பே சொல்லிவிடுங்கள். புது ஆள் என்றால் கையைப் பிடித்துத் தொட்டே காட்டுங்கள்.

பிளேட் விசயத்தில் மட்டும் யாரையும் முகத்துக்காக விடாதீர்கள். மலிவான கடையோ விலை கூடிய கடையோ, இதில் வித்தியாசம் பார்க்க வேண்டாம். பிளேட்டைக் கடதாசியோடு இரண்டாக முறித்து, பாதியைக் கத்தியில் கொழுவுவார்கள். ஒரு பிளேட் இரண்டு பேருக்கு. உங்கள் கண் முன்னால் முறித்துப் போட்டால்தான் சவரத்துக்கோ காதோரம் எடுக்கவோ முகத்தைக் கொடுக்க வேண்டும். முன்பு ஒருவருக்குப் பாவித்த பாதியைத் துடைத்துவிட்டு வருகிறார் என்றால், "அண்ணன், புதுசு போடுங்க" என்று நேரே சொல்லுங்கள். ஈரல் அழற்சி பி (ஹெபடைடிஸ் பி) கிருமி உடம்புக்கு வெளியே, காய்ந்த இரத்தத்தில்கூடக் குறைந்தது 7 நாளாவது உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தமே அதற்குப் போதும். கத்தியை டெற்றோல் தண்ணீரில் ஒருமுறை தோய்த்து எடுப்பதால் அது போய்விடாது. துவாயும் அப்படித்தான். படர்தாமரை ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குச் சீப்பாலும் துவாயாலும் போகலாம். நான் வீட்டிலிருந்து ஒரு சின்னத் துவாய் கொண்டு போகிறேன். அண்ணன் அதைத் தப்பாக எடுத்ததே இல்லை. இப்போது இன்னும் நாலைந்து பேர் கொண்டு வருகிறார்கள்.

மலிவாக வெட்டிக் கடை எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று நானும் யோசித்திருக்கிறேன். 2019இல் இதே வெட்டு 150 ரூபாய். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. மெசின் ஓடாது, மின்விசிறி இல்லை, தகரத்துக்குக் கீழே வெயில். அண்ணன் வாங்கை வெளியே போட்டு, வேப்ப மர நிழலில் வைத்துச் சீப்பும் கத்தரிக்கோலுமாக வெட்டினார். மெசின் மட்டும் பழகிய இளம் ஆட்கள் சிலர் அந்த நாட்களில் கடையைத் திறக்கவே இல்லை. பிறகு கரண்ட் வந்தது, பில்லும் ஏறியது. 2022 ஆகஸ்டில் சராசரி 75 சதவீதம் கூட்டினார்கள், 2023 பெப்ரவரியில் மறுபடி 66 சதவீதம். அவர் 150ஐ 200 ஆக்கி, 300 ஆக்கி, இப்போது 400இல் நிற்கிறார். ஒவ்வொரு தடவை கூட்டும்போதும் கண்ணாடியில் ஒரு கடதாசி ஒட்டுவார். ஒட்டிய பிறகும் வயதான ஆட்களிடம் பழைய விலையைத்தான் வாங்குவார். ஆகவே தயவுசெய்து அங்கே போய் விலை பேசாதீர்கள். 50 ரூபாய் குறைத்துக் கேட்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். டவுனில் 1500ஐக் கேள்வி கேட்காமல் நீட்டும் ஆட்கள்தான் இங்கே வந்து பேரம் பேசுகிறார்கள்.

இந்தத் தொழிலை எங்கள் ஊர்களில் எப்படி நடத்தியிருக்கிறோம் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். என் அம்மப்பா காலத்தில் கடை கிடையாது. பரியாரியார் பெட்டியோடு வீட்டுக்கு வருவார். வளவுக்குள் மரத்தடியில் வைத்து வெட்டுவார், திண்ணையில் ஏறமாட்டார். ஏறவிடமாட்டார்கள் என்பதுதான் சரி. கூலியும் அன்றன்று இல்லை, வெள்ளாமை வெட்டிய பிறகு நெல்லாகத்தான் கிடைக்கும். நாட்டு வைத்தியரையும் பரியாரி என்றுதான் சொன்னார்கள். ஒருவருக்கு அந்தப் பெயர் மரியாதை, மற்றவருக்கு இல்லை. பக்கத்து முஸ்லிம் ஊர்களில் ஒஸ்தா மாமா முடியும் வெட்டுவார், பிள்ளைகளுக்குச் சுன்னத்தும் செய்வார். மாமா என்று உறவு சொல்லிக் கூப்பிட்டதாவது எனக்கு நல்லதாகப் படுகிறது. கதிரையும் கண்ணாடியும் வந்ததில் மாறியது என்னவென்றால், இப்போது நாம்தான் அவரிடம் போகிறோம், வரிசையில் இருக்கிறோம், அவர் சொல்லும் விலையைக் கொடுக்கிறோம். எங்கள் கடையில் காத்தான்குடி ஆட்களும் வந்து வெட்டுகிறார்கள். யாராக இருந்தாலும் வாங்கில் முன்னுக்கு இருந்தவர்தான் முதலில் ஏறுவார்.

என்ன வெட்டு வேண்டும் என்று சொல்லத் தெரியாமல்தான் பாதிப் பேர் "கெடுத்துவிட்டான்" என்று திரும்பி வருகிறார்கள். மெசினுக்குக் கொழுவும் சீப்புக்கு நம்பர் உண்டு, ஒரு நம்பருக்குச் சுமார் 3 மில்லிமீற்றர். நம்பர் 1 என்றால் தோல் தெரியும். 2 போட்டால் 6 மில்லிமீற்றர், பள்ளிக்கூடத்தில் ஏச்சு வாங்காத அளவு. முதல் தடவை போகும் கடையில் நினைத்ததை விட ஒரு நம்பர் கூடச் சொல்லுங்கள், பிறகு குறைக்கலாம். மேல்பக்கத்துக்கு விரலை வைத்து இவ்வளவு என்று காட்டினால் போதும். போனில் நடிகர் படத்தைக் காட்டுவதால் பெரிய பலன் இல்லை, அவருடைய முடி வேறு, நம்முடைய முடி வேறு.

போகும் நேரமும் பார்க்க வேண்டும். சித்திரைப் புதுவருடத்துக்கு முதல் நாள் போகவே வேண்டாம். தலைக்கு மருத்துநீர் (மூலிகை நீர்) வைக்கும் முன் முடி வெட்டிவிட வேண்டும் என்று ஊரே வந்து நிற்கும், இரவு 12 மணி வரை கத்தரிக்கோல் ஓயாது. அவருடைய மணிக்கட்டு வீங்கியிருப்பதை அடுத்த கிழமை பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடம் தொடங்கும் முதல் ஞாயிறும் அப்படித்தான். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு நாட்களில் நேர்த்தி வைத்தவர்கள் முடியும் தாடியும் எடுக்கமாட்டார்கள், கடை வெறிச்சோடிக் கிடக்கும். சடங்கு முடிந்த அடுத்த நாள் வாங்கில் இடம் கிடைக்காது.

சாதாரண நாளில், காலை 10 மணிக்கும் 12க்கும் இடையில் போனால் ஆறுதலாக வெட்டுவார். 1000 ரூபாய்த் தாளை நீட்டாமல் மாற்றிய காசாகக் கொண்டு போங்கள். இல்லாவிட்டால் அவர் கையில் முடியோடு பக்கத்துத் தேத்தண்ணிக் கடை வரை நடக்க வேண்டும்.