மூட்டைப்பூச்சி: மருந்தடித்தும் திரும்பி வருவது ஏன்?

கேள்வி: தீபாவளி விடுமுறைக்கு விடுதியிலிருந்து வந்த என் இளைய மகன் தன் போர்வையையும் தலையணையையும் கொண்டு வந்திருந்தான். அவன் திரும்பிப் போன சில வாரங்களில் எங்கள் மரக் கட்டிலில் மூட்டைப்பூச்சிகள் தென்பட்டன. கடையில் வாங்கிய ஸ்பிரேயை இரண்டு முறை அடித்தோம். நாலைந்து நாள் நிம்மதியாக இருந்தது. பிறகு பழையபடி கடிக்கின்றன. தானியத்துக்கு வைக்கும் மாத்திரையை அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டால் ஒரே இரவில் ஒழிந்துவிடும் என்கிறார்கள் பக்கத்து வீட்டில். இரண்டு வயதுப் பேத்தியும் எங்களோடு இருக்கிறாள். வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கிறது. – ஒரு வாசகி, திருச்சி.

பதில்: மற்ற எதையும் விட முதலில் அந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன் அம்மா. தயவுசெய்து அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அது அலுமினியம் பாஸ்பைடு. காற்றிலுள்ள ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்ற நச்சுவாயுவை வெளிவிடும். கதவைச் சாத்தினாலும் அந்த வாயு இடுக்குகள் வழியே அடுத்த அறைக்கும், ஏன், அடுத்த வீட்டுக்கும் போகும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. பூச்சிக்காகவும் எலிக்காகவும் இதை வைத்த வீடுகளில் உறங்கிய குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் வேண்டாம். தீப்பிடிக்கும் அபாயமே மிச்சம்.

கூச்சப்படவும் வேண்டாம். இது அழுக்கைத் தேடி வரும் பூச்சியன்று. மனித இரத்தத்தைத் தேடி, மூட்டையிலும் முடிச்சிலும் ஒட்டிக்கொண்டு வருவது.

நாலைந்து நாள் நிம்மதிக்குப் பிறகு மீண்டும் கடி தொடங்கியதற்குக் காரணம் இதுதான். கட்டிலின் மூட்டுகளிலும் ஆணித் துளைகளிலும் ஒட்டியிருக்கும் முட்டைகளைப் பெரும்பாலான ஸ்பிரேக்கள் கொல்வதில்லை. நம் ஊர் வெப்பத்தில் அவை ஒரு வாரம் முதல் பத்து நாள்களுக்குள் பொரித்துவிடும். கடைகளில் கிடைக்கும் ஸ்பிரேக்களில் பெரும்பாலானவை பைரித்ராய்டு வகையைச் சேர்ந்தவை என்பதும், அவ்வகை மருந்தைத் தாங்கிக்கொள்ளும் மூட்டைப்பூச்சிகள் இன்று பெருகிவிட்டன என்பதும் இதனுடன் சேர்ந்துகொள்கின்றன.

ஆனால் சூட்டைத் தாங்கும் சக்தி இவற்றுக்கு இல்லை. 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பம் நேராகப் பட்டால் பூச்சியும் முட்டையும் சேர்ந்தே அழியும். ஆகவே போர்வை, விரிப்பு, தலையணை உறை, கொசுவலை ஆகியவற்றை அறையிலேயே பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுகக் கட்டி வெளியே எடுத்துச் செல்லுங்கள். கையில் அள்ளிக்கொண்டு கூடத்தைக் கடந்தால் வழியெல்லாம் உதிரும். துணி தாங்குமானால் 60 டிகிரி வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, தையல் ஓரங்களில் சூடான இஸ்திரிப் பெட்டியை மெதுவாக நகர்த்துங்கள். கட்டிலை முடிந்த அளவு பிரித்து முற்றத்தில் வைத்து, ஒவ்வொரு மூட்டிலும் துளையிலும் பழைய அட்டையின் விளிம்பால் சுரண்டிவிட்டுக் கொதிநீரை ஊற்றுங்கள். அப்போது பேத்தியை அருகில் விடாதீர்கள். மெத்தையை வெறுமனே வெயிலில் போட்டால் பூச்சிகள் நிழலான அடிப்பக்கத்துக்கு நகர்ந்துவிடும். அதனால் மடிப்பையும் ஓரத்தையும் பிரஷ்ஷால் தேய்த்து, வாக்குவம் கிளீனர் இருந்தால் உறிஞ்சி எடுத்து, அந்தக் குப்பையைக் கட்டி வெளியே போட வேண்டும். சுவரில் தொங்கும் காலண்டரின் பின்புறம், சுவிட்ச் பலகையின் ஓரம், சோபாவின் அடித்துணி ஆகியவற்றையும் மறக்க வேண்டாம்.

இதை ஒரு முறை செய்து ஓய்ந்துவிடக் கூடாது. வாரம் ஒரு முறை வீதம் நான்கைந்து முறையாவது செய்தால்தான், இடையில் பொரித்த குஞ்சுகள் வளர்ந்து முட்டையிடும் முன் அகப்படும். அந்த நாள்களில் கடிக்குப் பயந்து வேறு அறைக்குப் படுக்கையை மாற்றாதீர்கள். பூச்சி உங்களைத் தேடி அங்கேயும் வரும். சுத்தம் செய்த கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, விரிப்பு தரையைத் தொடாமல் மடக்கிவிட்டு, நான்கு கால்களையும் சோப்பு நீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துங்கள். நம் பகுதியில் மிகுதியாக உள்ள வெப்பமண்டல இனம் வழவழப்பான பரப்பிலும் ஏறக்கூடியது என்பதால் வெறும் கிண்ணம் போதாது. அந்த நீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் டெங்குக் கொசு வளரும்.

இவ்வளவுக்கும் அடங்காவிட்டால், உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளரை அழையுங்கள். எந்த மருந்தை அடிக்கிறார், குழந்தையை எத்தனை மணி நேரம் வெளியே வைத்திருக்க வேண்டும், இரண்டாம் முறை எப்போது வருவார் என்ற மூன்றையும் கேட்டுவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

மகன் அடுத்த முறை வரும்போது பையை மொட்டை மாடியிலேயே இறக்கி, துணிகளை நேராக வெந்நீரில் போடச் சொல்லுங்கள். விடுதி அறையும் சரியாக வேண்டும்; விடுதிக் காப்பாளரிடம் அவன் சொல்வதில் தவறில்லை.

கேள்வி: எனக்கு மட்டும் வரிசையாகத் தடிப்பு வருகிறது, என் கணவருக்கு ஒன்றுமே இல்லை. கொசுவா, மூட்டைப்பூச்சியா? இதனால் நோய் பரவுமா? – ஒரு வாசகி, சேலம்.

பதில்: ஒரே படுக்கையில் இருவரையும் கடித்தாலும் ஒருவருக்குத் தடிக்கும், மற்றவருக்குத் தடம்கூடத் தெரியாது. எனவே தோலை விட்டு மெத்தையின் தையலைப் பாருங்கள். ஊசிமுனை அளவு கரும்புள்ளிகள் இருந்து, ஈரத் துணியால் ஒற்றும்போது பேனா மைபோலப் பரவினால் அது மூட்டைப்பூச்சியின் எச்சம். பின்னிரவில் டார்ச் அடித்துப் பார்த்தால் பூச்சியே சிக்கும். இதன் கடியால் மனிதருக்கு நோய் பரவுவதாக நிறுவப்படவில்லை. ஆனால் சொறிந்த இடம் புண்ணாகிச் சீழ் வைத்தாலோ, முகமோ உதடோ வீங்கினாலோ உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.