ஷிப்ட் வேலையும் சர்க்கரையும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 34 வயது. ஊர் கிருஷ்ணகிரி, வேலை ஓசூர் சிப்காட்டில். வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். போன மாதம் வெறும் வயிற்றில் சர்க்கரை 118 என்று வந்தது. ஜிம்முக்குப் பணம் கட்டினேன், நைட் ஷிப்ட் வந்ததும் நின்றுபோனது. இப்போது லைன் சூப்பர்வைசர் ஆக்குகிறோம் என்கிறார்கள். உடம்பைப் பார்ப்பதா, வேலையைப் பார்ப்பதா?

– பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி

அன்புள்ள தம்பிக்கு,

118 இன்னும் சர்க்கரை நோய் ஆகிவிடவில்லை. 126-ஐத் தொட்டு, மறுபடி எடுத்தாலும் அப்படியே இருந்தால்தான் நோய் என்பார்கள். இப்போது கவனித்தால் இறக்கிவிடலாம்.

ஜிம் நின்றதற்காக மனசு விட்டுவிடாதீர்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடு என்பதெல்லாம் பத்து மணி ஆபீஸ்காரர்களுக்குச் சொன்னது, நைட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டே சூளகிரி தாண்டி வருகிறவருக்கு அது எப்படி ஒத்துவரும்? நீங்கள் மணியைப் பார்க்காதீர்கள். எந்த ஷிப்டானாலும் தூங்கி எழுந்ததும் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் 150 நிமிடம், உலக சுகாதார நிறுவனம் குறைந்தபட்சம் கேட்பது அவ்வளவுதான். கூடவே ரெண்டு நாள் வீட்டிலேயே தண்டாலும் பஸ்கியும்.

நடையைவிடப் பகல் தூக்கம் முக்கியம். தூக்கம் கெட்டால் பசியும் சர்க்கரையும் சேர்ந்து ஏறும். "பகலில் சும்மாதானே வீட்டில் இருக்கான்" என்று ரேஷன் கடைக்கும் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கும் கூப்பிடுவார்கள், கூச்சப்படாமல் முடியாது என்று சொல்லுங்கள். ஜன்னலுக்குக் கனமான போர்வையை மாட்டி, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் படுங்கள்.

அப்புறம் சாப்பாடு. பகலில் சாப்பிடும் அதே சோற்றை நடுராத்திரி சாப்பிட்டால் சர்க்கரை அதிகமாக ஏறும், அந்த நேரத்தில் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. பஸ் ஏறும் முன்பே வீட்டில் சாப்பிட்டுவிடுங்கள், ரெண்டு மணிக்குப் பசித்தால் மோரும் கொள்ளுச் சுண்டலும் போதும். நம்ம பக்கம் ராகிக் களி தின்றால் சர்க்கரையே வராது என்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. களியிலும் மாவுச்சத்துதான். நாள் முழுக்க ஏர் ஓட்டியவர் சாப்பிட்ட உருண்டையை மெஷின் முன்னால் நிற்கிறவர் சாப்பிட்டால் எப்படிச் செரிக்கும்? உருண்டையைப் பாதியாக்கி, கீரைக் கடைசலைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சர்க்கரை, பிரஷர் பார்ப்பார்கள். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021-ல் தொடங்கியதே நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான், வெட்கப்படாமல் போங்கள். மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை எடுத்துப் பாருங்கள், அந்த மூன்று மாதச் சராசரி அதில் தெரியும்.

சூப்பர்வைசர் வேலையை ஏற்கும் முன் மேனேஜரிடம் ஒரே ஒரு விஷயம் கேளுங்கள், ஜெனரல் ஷிப்ட் கிடைக்குமா என்று. கிடைக்குமென்றால் சம்பளம் கொஞ்சமே ஏறினாலும் யோசிக்காமல் ஒத்துக்கொள்ளுங்கள். நைட் ஷிப்டும் ஓவர்டைமும் கூடத்தான் செய்யும் என்றால், அந்த மூன்று மாத ரிசல்ட் வரட்டும், அதுவரை நேரம் கேளுங்கள்.