பழைய நான்கு சக்கர இயக்க வண்டியில் ஏபிஎஸ் விளக்கு வந்து வந்து மறைகிறது, யூனிட்டையே மாற்றிவிடலாமா?

வேண்டாம். இப்போதைக்கு எந்தப் பாகத்தையும் வாங்க வேண்டாம். (ஏபிஎஸ் என்பது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு. யூனிட் என்பது அதன் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் அதோடு சேர்ந்த ஹைட்ராலிக் பகுதியும்.)

உங்கள் கேள்வியில் மூன்று தடயங்கள் இருக்கின்றன. வண்டி நகர்ந்த பிறகுதான் விளக்கு எரிகிறது. அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் மறைகிறது. முன் சக்கரத்துக்கு, அதன் வேகத்தை அளக்கும் புதிய சென்சார் போட்டதும் மூன்று வாரம் சரியாக இருந்துவிட்டு, மழை நாளில் திரும்பி வந்திருக்கிறது. இவை தவிர, வண்டி நிற்கப்போகும் தருணத்தில் சில சமயம் பிரேக் பெடல் துடிக்கிறது, அப்போது விளக்கு எரிவதில்லை. எல்லாம் ஒரே கோளாறு என்று உங்கள் மெக்கானிக் நினைக்கிறார். எனக்கு இரண்டு கோளாறுகள் தெரிகின்றன.

முதலில் அந்த மூன்று வாரக் கணக்கு. என்னிடம் இருந்த பழைய வண்டியும் இதே கூத்தை நடத்தியது. கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனர் இடது முன் சக்கரத்தைக் காட்டியது. சென்சாரை மாற்றினேன், விளக்கு போனது. சில வாரங்களில் வந்தது. வாங்கிய சரக்கு மட்டம் என்று முடிவுகட்டி இன்னொன்று போட்டேன். போனது, வந்தது. இரண்டு முறையும் குணமாக்கியது புதிய சென்சார் அல்ல, அதை மாட்டுவதற்காகக் கனெக்டரைக் கழற்றிப் பொருத்தியதுதான் என்று உறைக்க எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. கழற்றி மாட்டும்போது பின்கள் ஒன்றோடொன்று உரசிக் களிம்பு சற்று விலகுகிறது. அந்த உரசல் தாங்கும் வரை விளக்கு வராது.

கடைசியில் மட்கார்டுக்குள், கனெக்டரிலிருந்து வண்டிக்குள் போகும் வயரின் உறையை ஒரு விரல் நீளம் சீவிப் பார்த்தேன். செம்பு இழைகள் பச்சை பூத்துப் பொடியாக உதிர்ந்தன. வெளியுறையில் ஒரு கீறல்கூட இல்லை. ஓடைகளில் இறங்கி ஏறும் வண்டியில் கனெக்டரின் ரப்பர் தளர்ந்துவிட்டால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல நீர் இழைகளுக்கு இடையே ஏறிவிடும். உங்கள் வண்டியும் மழையில் முரண்டு பிடிப்பதால் நான் முதலில் கை வைக்கும் இடம் அதுதான்.

சோதிக்கும் முறையைச் சொல்வதற்கு முன் ஓர் எச்சரிக்கை. பழைய வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது ஒரு காந்தமும் கம்பிச் சுருளும் கொண்ட சென்சார். சக்கரத்தோடு சுற்றும் பல் வளையம் அதன் முன் சுழலும்போது அதுவே சிறிய மாறுமின்னழுத்தத்தை உண்டாக்கும். இதை மல்டிமீட்டரால் தாராளமாக அளக்கலாம். பிற்கால வண்டிகளில் கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து மின்சாரம் பெற்று இயங்கும் சென்சார் இருக்கும். அதில் ஓம் மீட்டர் வைப்பது பயனற்றது, சென்சாரே கெட்டும் போகலாம். எந்த வகை என்பதை வண்டியின் சர்வீஸ் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வகையாக இருந்தால், சாவியை அணைத்துவிட்டு ஏபிஎஸ் பெட்டியின் கனெக்டரைக் கழற்றி, அந்தச் சக்கரத்துக்கான இரண்டு பின்களுக்கு நடுவே அளவெடுங்கள். சென்சாரின் வாயிலேயே அளந்தால் இடையிலுள்ள வயரிங் முழுவதும் சோதனைக்கு வெளியே நின்றுவிடும். பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் தவறு இது. 1000 ஓமை ஒட்டிய எண்கள் பொதுவாக வரும். எண் எவ்வளவு என்பதைவிட எதிர்ப்பக்கச் சக்கரத்தோடு ஒத்துப்போகிறதா என்பதே முக்கியம். ஆனால் அந்த எண்ணை நம்பி மீட்டரை மூட்டை கட்டிவிடாதீர்கள். ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் சரியான அளவையே காட்டும். மீட்டர் இணைப்பிலேயே இருக்க, ஒருவர் ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசி வரை திருப்பட்டும். நீங்கள் வயரைச் சாண் சாணாக அசைத்து வாருங்கள். வண்டியை ஜாக்கில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டு மறுபடியும் அசையுங்கள். கரடுமுரடான பாதையில் ஓடும் வண்டிக்கு அந்த நிலையில்தான் வயர் இழுபடுகிறது. பிறகு கனெக்டர் மீது தண்ணீர் தெளித்துப் பாருங்கள். எண் குதிக்கும் இடம்தான் நீங்கள் தேடும் இடம்.

இனி அந்தத் துடிப்பு. இது ஏபிஎஸ் வேலைதானா என்று முதலில் உறுதி செய்யுங்கள், வளைந்த டிஸ்க்கும் பெடலை நடுங்க வைக்கும். ஆள் நடமாட்டமில்லாத சமதளத்தில், மெதுவான வேகத்தில், ஏபிஎஸ் பியூஸை எடுத்துவிட்டு நிறுத்திப் பாருங்கள். துடிப்பு நின்றுவிட்டால் குற்றவாளி ஏபிஎஸ். (பியூஸைத் திரும்ப மாட்ட மறக்காதீர்கள். நான் ஒரு முறை சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.)

காந்தச் சுருள் சென்சாரின் மின்னழுத்தம் வேகம் குறையக் குறையத் தேயும். சென்சாருக்கும் பல் வளையத்துக்கும் நடுவே பெரும்பாலும் 1 மில்லிமீட்டரை ஒட்டிய இடைவெளிதான். சென்சார் உட்காரும் இடத்தில் துரு பொங்கி அதை மேலே தள்ளினாலோ, வீல் பேரிங் ஆடினாலோ, பல் வளையம் விரிசல் விட்டிருந்தாலோ, மணிக்கு 10 கிலோமீட்டருக்குக் கீழே போகும்போது அந்த ஒரு சக்கரத்தின் சென்சார் சமிக்ஞை மட்டும் முன்னதாகவே அற்றுவிடும். பெட்டி அதைச் சக்கரம் பூட்டிக்கொண்டதாக எண்ணி அழுத்தத்தை விடுவிக்கிறது, பெடல் துடிக்கிறது. மின்சுற்று அறுபடவில்லை என்பதால் விளக்குக்கு வேலையில்லை. சக்கரத்தைத் தூக்கி டார்ச் அடித்து வளையத்தின் பற்களை ஒன்றுவிடாமல் பாருங்கள். இரண்டு பற்களுக்கு நடுவே மட்டும் இடைவெளி அகன்றிருந்தால் அங்கே விரிசல் இருக்கும். காந்த முனையில் இரும்புத்தூள் தாடி போல அப்பியிருந்தால் துடைத்துவிடுங்கள். பல சமயம் துருவைச் சுரண்டிச் சென்சாரைச் சரியாக உட்கார வைப்பதோடு வேலை முடிந்துவிடும்.

நான்கு சக்கர இயக்கத்துக்கே உரிய விஷயம் ஒன்று உண்டு. முன், பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பகிரும் நடு டிஃபரென்ஷியலைப் பூட்டினால் சில வண்டிகள் தாமாகவே ஏபிஎஸை நிறுத்தி விளக்கை எரியவிடும். அது கோளாறு அல்ல. ஆனால் பூட்டின் சுவிட்ச் சேற்றில் மாட்டிப் பொய் சொன்னால், பூட்டாதபோதும் விளக்கு வரலாம்.

ஸ்கேனர் கிடைத்தால் பதிவான குறியீட்டோடு நிற்காமல், மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டி, நான்கு சக்கரங்களின் வேகத்தையும் நேரடியாகப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் குறியீடுகளை மட்டும் படிக்கும் சின்னக் கருவிகளுக்கு ஏபிஎஸ் பெட்டியோடு பேசத் தெரியாது.

விளக்கு எரியும்போது சாதாரண பிரேக் வேலை செய்யும், பூட்டாமல் தடுப்பது மட்டும் இருக்காது. சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் வண்டியை நகர்த்த வேண்டாம்.

யூனிட்டைச் சந்தேகிக்கும் நேரமும் வரலாம். வயரிங், எர்த், ரிலே, பேட்டரி மின்னழுத்தம் எல்லாம் சரியாக இருந்தும், மழைக்குச் சம்பந்தமே இல்லாமல், எஞ்சின் சூடேறிய பிறகு மட்டும் விளக்கு வந்தால் பெட்டிக்குள் ஈயப்பற்று விட்டிருக்கலாம். அப்போதும் மின்னணுப் பலகையை மட்டும் பழுதுபார்க்க முடியுமா என்று கேளுங்கள். ஹைட்ராலிக் பகுதியோடு சேர்த்துக் கழற்றினால் பிரேக் குழாய்களைத் திறக்க வேண்டும், காற்றை வெளியேற்ற வேண்டும், பல வண்டிகளில் அதற்கு ஸ்கேனரால் பம்பை ஓடவிட வேண்டும். பச்சை பூத்த ஒரு துண்டு வயருக்காக அவ்வளவு தூரம் போய்விட்டு, அடுத்த மழையில் அதே விளக்கைப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும்.