சேஜ் (sage) என்ற வாசனை இலைச் செடி ஒவ்வொரு குளிர்காலத்திலும் செத்துப்போகிறது. எப்படிக் காப்பாற்றுவது? அந்த இலையை நம் சமையலில் சேர்க்கலாமா?

இங்கிலாந்தில் இருப்பதாகவும், சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிய தொட்டிச் செடிதான் இப்படி ஆகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் லண்டனுக்குத் தெற்கே, களிமண் பூமியில் தோட்டம் போடுகிறேன். என் முதல் இரண்டு சேஜ் செடிகளும் இப்படித்தான் போயின. பனியில் கருகிவிட்டன என்று நினைத்தேன். மார்ச் மாதம் பிடுங்கிப் பார்த்தால் வேர் அழுகிக் கொழகொழவென்று இருந்தது. கொன்றது குளிர் இல்லை, ஈரம்.

சேஜுக்குச் சொந்த ஊர் மத்தியதரைக் கடல் பக்கம். குரோஷியாவின் டால்மேஷியக் கரையில் சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் தானாக முளைத்துக் கிடக்கும். இலையைத் தடவிப் பாருங்கள், சாம்பல் பூத்த பச்சையில் மெல்லிய ரோமம் தட்டுப்படும். வெயிலில் ஈரம் ஆவியாகிப் போகாமல் காப்பது அந்த ரோமம்தான். மைனஸ் 10 டிகிரிக் குளிரைக்கூடத் தாங்கும் இந்தச் செடி, வேரடியில் தண்ணீர் நின்றால் தாங்காது. நாம் துளசிக்கு ஊற்றுவது போலக் காலையும் மாலையும் இதற்கு ஊற்றக் கூடாது.

சூப்பர்மார்க்கெட் தொட்டியில் பெரும்பாலும் பல நாற்றுகள் நெருக்கமாக முளைத்திருக்கும். கண்ணாடிக் கூடாரத்தில் சொகுசாக வளர்ந்தவை அவை. அன்றைக்குச் சமைக்க மட்டும் அவற்றை வைத்துக்கொள்ளுங்கள். நடுவதற்கு நாற்றுப் பண்ணையில் ஒற்றைச் செடியாக, ஏப்ரல் அல்லது மே மாதத்தில் வாங்குங்கள். ஓர் அடி அகல மண்தொட்டி போதும். மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு பொடிச்சரளை கலந்து, நல்ல வெயில் விழும் இடத்தில் வையுங்கள். விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். உரம் வேண்டாம், உரம் போட்டால் தளதளவென்று வளரும், வாசனை குறைந்துவிடும். குளிர்காலத்தில் தொட்டிக்கு அடியில் செங்கல் வைத்துத் தூக்கிவிடுங்கள், மழைநீர் வடிந்து போகட்டும்.

வசந்தத்தில் புதுத்துளிர் வந்ததும் மூன்றில் ஒரு பங்கு கவாத்து செய்யுங்கள். இலையே இல்லாத பழைய கட்டை வரை வெட்டினால் மறுபடி துளிர்ப்பது சந்தேகம். நான்கைந்து வருடத்தில் செடி எப்படியும் கட்டை தட்டிப்போகும். அதற்குள் கோடையில், பூக்காத கிளை ஒன்றை விரல் நீளம் கிள்ளி, கீழ் இலைகளை உருவிவிட்டு மணல் கலந்த மண்ணில் செருகி வைத்தால் வேர் பிடித்துவிடும். என்னிடம் இப்போது இருக்கும் செடியே பக்கத்து வீட்டுப் பாட்டி கொடுத்த அப்படியொரு குச்சிதான். ஜூன் மாதம் ஊதாப் பூ பூக்கும்போது தேனீக்கள் அதைவிட்டு நகர்வதே இல்லை.

சரி, சமையல். கொத்தமல்லி மாதிரி பச்சையாகத் தூவினால் கசப்பும் கற்பூர நெடியும்தான் மிஞ்சும். கொழுப்பில் பட்டால்தான் சேஜ் மணக்கும். இங்கிலாந்தில் பன்றி இறைச்சி சாசேஜிலும், கிறிஸ்துமஸ் வான்கோழிக்குள் வெங்காயத்தோடு வைக்கும் பூரணத்திலும் சேர்ப்பதற்கு அதுதான் காரணம். இத்தாலியில் வெண்ணெயைப் பொன்னிறமாக உருக்கி, இலையை அதில் மொறுமொறுவென்று பொரித்து, ரவியோலி என்ற பூரணம் வைத்த பாஸ்தா மேல் ஊற்றுவார்கள்.

ஈரோட்டிலிருந்து வந்திருந்த அம்மா ஓர் இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டு, “இது நம்ம கற்பூரவள்ளிக்குச் சொந்தமாட்டம் இருக்குதேடா” என்றார். உண்மையில் சொந்தம்தான். துளசி, புதினா, கற்பூரவள்ளி, சேஜ் எல்லாமே ஒரே தாவரக் குடும்பம். அன்று சாயங்காலமே கடலைமாவில் தோய்த்து பஜ்ஜி போட்டார். அவ்வளவு அருமை! இத்தாலியர்களும் இதே இலையை மாவில் தோய்த்துப் பொரிக்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அப்புறம், பரங்கிக்காய்ப் பொரியலுக்குக் கறிவேப்பிலைக்குப் பதில் வெண்ணெயில் பொரித்த நாலு சேஜ் இலை நொறுக்கிப் போட்டுப் பாருங்கள். புளி சேர்ந்த குழம்பில் மட்டும் வேண்டாம். இரண்டும் ஒட்டவே ஒட்டாது.

ஜெர்மனியில் தொண்டைக் கரகரப்புக்கு இதைத் தேநீராகக் குடிப்பார்கள். இரண்டு மூன்று இலையை வெந்நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்தால் போதும். ஆனால் இதில் துஜோன் என்ற பொருள் இருக்கிறது, அளவு மீறினால் நரம்பைத் தாக்கும், வலிப்பு வரலாம். கர்ப்பிணிகளும் வலிப்பு நோய் உள்ளவர்களும் இந்தத் தேநீரைத் தவிர்க்க வேண்டும். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் ஆகாது, பால் சுரப்பைக் குறைக்கும் என்று நெடுங்காலமாகச் சொல்லப்படும் இலை இது. சேஜ் எண்ணெயை யாருமே உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது. சமையலில் சேர்க்கும் நாலைந்து இலைக்கு இந்தப் பயம் தேவையில்லை.

கடையில் ஊதா இலை, மஞ்சள் விளிம்பு, மூன்று நிறம் என்றெல்லாம் வகை இருக்கும். மூன்று நிற வகை குளிரில் சீக்கிரம் வாடும். முதல் செடிக்குச் சாதாரணச் சாம்பல்பச்சையே வாங்குங்கள்.