தலையணை, தலையணை, தலையணை

கேள்வி: எங்கள் அன்பியத்தில், அதாவது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் குழுவில், 32 குடும்பங்கள். கூட்டத்துக்கு வருவது ஏழெட்டுப் பேர். போன மாதம், மகன் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருப்பதைச் சொல்லிச் செபிக்கக் கேட்டேன். மறுநாள் மீன் வாங்கப் போன இடத்தில், அன்பியத்துக்கே வராத ஒருத்தி, "பையனுக்கு என்னாச்சாம்?" என்கிறாள். இனிப் போகவே மனசில்லை அக்கா. வீட்டில் தனியாக பைபிள் வாசித்தால் போதாதா?
- ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: முதலில் என் பாவசங்கீர்த்தனத்தைக் கேளுங்கள் தங்கச்சி. 11 வருடம் அன்பியப் பொறுப்பாளராக இருந்தவள் நான். பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி கொல்லைப்புறத்தில் நின்று என்னிடம் மட்டும் அழுததை, அன்று மாலையே பதினைந்து பேர் நடுவில் மன்றாட்டாக எடுத்துவிட்டேன். பெயர் சொல்லவில்லையாம்! "குடிக்கிற கணவரோடு கஷ்டப்படும் மூன்றாவது வீட்டு மகளுக்காக" என்றேன். அவள் கண்ணைத் திறந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். மறுபடி எங்கள் வாசலில் அவள் செருப்பைப் பார்க்க இரண்டு வருடமாயிற்று. புறணி, செபத்தின் முக்காட்டைப் போட்டுக்கொண்டு வந்தால் நமக்கே அடையாளம் தெரிவதில்லை.

பல பங்குக் கோவில்களில் அன்பியத்துக்கு 'ஏழு படி' முறையைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் லும்கோ பயிற்சி நிலையத்தில் உருவானது. ஆண்டவரை அழைத்து, வாசித்து, மனதைத் தொட்ட சொல்லை மும்முறை சத்தமாகச் சொல்லி, மௌனமாக இருந்து, பகிர்ந்து, செய்ய வேண்டிய வேலையைப் பேசி, செபித்து முடிப்பது. நாம் முதலில் வெட்டிவிடுவது மௌனத்தைத்தான். டீ ஆறிவிடுமே! பகிர்வதற்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. 'நான்', 'எனக்கு' என்றுதான் பேச வேண்டும். அடுத்தவர் சொன்னதைத் திருத்தவோ அலசவோ கூடாது. இது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

தனியாக வாசித்தால் போதாதா என்கிறீர்கள். மாற்கு நற்செய்தியில், படகில் தூங்கிக்கொண்டிருந்த இயேசு எழுந்து புயலை அடக்குகிற பகுதியை நான் எத்தனையோ தடவை தனியாக வாசித்திருக்கிறேன். கண் நேராக "இரையாதே, அமைதியாயிரு" என்பதில் போய் நிற்கும். ஒருநாள் கூட்டத்தில், எழுத்துக் கூட்டி வாசிக்கிற அத்தை ஒருவர் மூன்றாவது படியில், "தலையணை, தலையணை, தலையணை" என்றார். சின்னப் பெண் ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தை கண்டுகொள்ளவில்லை. பகிரும் நேரம் வந்ததும் சொன்னார்: "எங்க வீட்டுக்காரரு தங்குகடல் போனா வலைமேலதான் தலைய வச்சுப் படுப்பாரு. ஆண்டவருக்கு யாரோ தலையணை எடுத்துப் போட்டிருக்காங்களே, அந்த ஆள நெனச்சேன்." அப்புறம் ரொம்ப நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து புரட்டிப் பார்த்தேன். மத்தேயுவிலும் லூக்காவிலும் அதே புயல் இருக்கிறது, தலையணை இல்லை. மாற்கு மட்டும்தான் அதை விடாமல் எழுதியிருக்கிறார். அந்த அத்தை இல்லாவிட்டால் நான் அதைத் தாண்டித்தான் போயிருப்பேன்.

அதனால் போங்கள். ஆனால் முன்கூட்டியே பொறுப்பாளரைத் தனியாகப் பார்த்து நடந்ததைச் சொல்லுங்கள். யார் சொல்லியிருப்பார் என்று துப்பறிய வேண்டாம். "இங்கே கேட்டது இந்தப் பாயோடு சரி" என்று கூட்டம் தொடங்கும்போது ஒருவர் சத்தமாகச் சொல்லட்டும். அதுவரைக்கும் 'குடும்பக் கருத்துக்காக' என்றால் போதும், ஆண்டவருக்கு விலாசம் தெரியும். ஏழெட்டுப் பேர்தான் என்று குறைப்படாதீர்கள். 32 வீடும் வந்தால் உட்கார இடம் ஏது?

இன்னொன்று, கோபப்படாமல் கேளுங்கள். மகன் விஷயத்தைக் கூட்டத்தில் சொல்லலாமா என்று மகனைக் கேட்டீர்களா?