டீச்சரிடம் கேளுங்கள்: மெட்ரிக் ஆங்கிலம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முப்பது வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். இங்கே பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வான மெட்ரிக் நெருங்குவதால், வந்த கேள்விகளுக்கு முடிந்தவரை பதில்.

சாட்ஸ்வர்த் மாணவி: கவிதைக் கேள்விக்கு எத்தனை லிட்ரரி டெர்ம் (இலக்கியக் கலைச்சொல்) மனப்பாடம் செய்ய வேண்டும் டீச்சர்? என் லிஸ்டில் 120 இருக்கிறது.

லிஸ்டை மடித்து வை கண்ணு. இருபது நன்றாகத் தெரிந்தால் போதும். ஹோம் லேங்குவேஜ் (தாய்மொழி நிலை) ஆங்கிலத்தின் இரண்டாம் தாளின் 80 மதிப்பெண்ணில் கவிதைக்கு 30. அதில் 10 நீ பார்த்தே இராத கவிதைக்கு. அங்கே பெயரை மட்டும் சொல்லித் தப்ப முடியாது.

'நகரம் இருமிக்கொண்டே கண் விழித்தது' என்று ஒரு வரி வருகிறது என்று வை. நகரத்தை ஆளாக்கிச் சொல்கிற இந்த உத்திக்குப் பெயர் பெர்சனிஃபிகேஷன். "பெர்சனிஃபிகேஷன், வாசகர் மனதில் படம் தோன்றுகிறது" என்று எழுதினால் என் சிவப்புப் பேனா அசையாது. அந்த வாக்கியத்தை எந்தக் கவிதை மேலும் ஸ்டிக்கர் மாதிரி ஒட்டலாம். இருமல் யாருக்கு வரும்? நகரம் இங்கே நோயாளி. எழும்போதே இருமல் என்றால் ராத்திரியும் புகை ஓயவில்லை. விடியல் என்றதும் நாம் எதிர்பார்க்கும் தெளிச்சி இங்கே கெட்டுப்போகிறது. இந்த மூன்றையும் எழுது. (எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளின் பக்கத்தில் வளர்ந்த மெரிபேங்க் பிள்ளைகளுக்கு இந்த இருமலை விளக்க வேண்டியதில்லை.)

ஃபீனிக்ஸ் மாணவர்: டோன், மூட் ரெண்டும் ஒன்றுதானே?

இல்லை. அப்பா சிடுசிடுவென்று பேசுவது டோன். அதைக் கேட்டு வீடே கப்சிப் ஆவது மூட்.

ஜோகன்னஸ்பர்க், ஒரு தந்தை: வணக்கம் டீச்சர். நாங்கள் மதுரைப் பக்கம். பெர்சனிஃபிகேஷன் என்றால் தற்குறிப்பேற்ற அணி என்று மகனுக்குச் சொன்னேன். அவன் வகுப்பில் குழப்பம் என்கிறான்.

மதுரைக்காரரே, உங்கள் ஊரையே எடுத்துக்கொள்வோம். சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரையை நெருங்கும்போது கோட்டைக் கொடிகள் 'வராதே' என்று கைகாட்டுவது போல அசைகின்றன. கொடி ஆடியது காற்றால். அந்த இயல்பான அசைவுக்குக் கவிஞர் தம் மனதில் உள்ள காரணத்தை ஏற்றிச் சொல்கிறார். அதுதான் தற்குறிப்பேற்றம். உயிரில்லாததை ஆளாக்குவது மட்டும் அதற்குப் போதாது. என் இருமும் நகரத்தில் இப்படிக் காரணம் ஏதும் ஏற்றவில்லையே.

அதே தந்தை: ஆனால் கொடி கைகாட்டுவது மனிதச் செயல்தானே டீச்சர்? அப்படியானால் பெர்சனிஃபிகேஷன்தானே?

ஆமாம், அதுவும் இருக்கிறது. ஒரே வரியில் இரண்டும் இருக்கலாம். அதற்காக ஒன்றின் பெயரை மற்றதற்குச் சூட்டக் கூடாது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் தமிழ் ஆசிரியர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அப்படியென்றால் மோனையையும் அலிட்டரேஷன் என்று சொல்லக் கூடாதா?

வந்துவிட்டீர்களா ஐயா! பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று சொல்லலாம், ஒரே வீடு இல்லை. மோனை யாப்பில் இடம் பிடித்த விஷயம். சீரின் முதலெழுத்தைப் பார்ப்பது, இன எழுத்துகளையும் சேர்த்துக்கொள்வது. அலிட்டரேஷன், அதாவது அடுத்தடுத்த சொற்கள் ஒரே ஒலியில் தொடங்குவது, காதை நம்புவது. 'சிட்டி' (city), 'கேட்' (cat) இரண்டும் ஆங்கிலத்தில் 'சி' எழுத்தில்தான் தொடங்குகின்றன. ஒலி சேரவில்லை, அது அலிட்டரேஷன் ஆகாது. 'ஃபோன்' (phone), 'ஃபேன்' (fan) எழுத்தில் வேறு, காதில் ஒன்று, அது ஆகும். பிள்ளைகள் கண்ணால் தேடித்தான் தவறுகிறார்கள். வரியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

வெருலம் மாணவர்: எத்தனை டெர்ம் படிக்க வேண்டும்?

முதல் பதிலைப் பார்.

டோங்காட், ஒரு தாய்: மகளுக்குப் புதிய சொல் எதுவும் நினைவில் தங்குவதில்லை.

டிக்‌ஷனரியைப் பார்த்து நூறு சொல்லைக் காப்பி எடுக்க விடாதீர்கள் அம்மா. நோட்டுப் பக்கத்தை மேலிருந்து கீழாகக் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: சொல், அதைப் பார்த்த முழு வாக்கியம், அவளே எழுதிய வாக்கியம். மூன்றாவது பத்தியில் வீட்டுச் சங்கதி இருக்கட்டும். 'ரிலக்டன்ட்' (மனமில்லாத) என்ற சொல்லுக்கு என் பழைய மாணவி ஒருத்தி 'பாகற்காய்க் கறிக்கு என் தம்பி ரிலக்டன்ட்' என்று எழுதினாள். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை அவள் மறந்ததே இல்லை.

லெனேசியா மாணவி: கட்டுரையில் டிராஃபிக் சிக்னலை 'ரோபோ' என்று எழுதலாமா?

நம் நாட்டில் எல்லோரும் சொல்வது அதுதானே. எழுது.

அம்சிண்டோ மாணவர்: டீச்சர், 120 டெர்ம் லிஸ்ட் யாரிடமாவது இருக்கிறதா?

சாட்ஸ்வர்த் பெண்ணிடம் இருக்கிறது. மடித்து வைத்திருக்கிறாள்.